பட்டணத்தை விட்டுப் போய்விடலாமா?



போன இதழில் ஊறுகாய் போடுவதைப் பற்றி எழுதியபோது, "எங்கள் கொல்லையில் காய்த்த நார்த்தங்காய்" என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. ஊறுகாயில் பூசணம் பிடிக்காமல் இருக்க என்ன செய்வது என்று கேட்டவர்கள் இரண்டே பேர். மற்ற எல்லோரும் கேட்டிருப்பது கொல்லையைப் பற்றி! "தாம்பரத்தை விட்டுத் தேனிப் பக்கம் போய்விட்டீர்களாமே, எப்படி இருக்கிறது? நாங்களும் கிளம்பலாமா?" என்றுதான் எல்லாக் கடிதங்களிலும்.

அதில் ஊரப்பாக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கும் கடிதத்தை மட்டும் நான் நாலைந்து தடவை படித்தேன். அவருடைய கணவருக்குப் பூர்வீகம் போடிநாயக்கனூர் பக்கம். "வாடகை மிச்சம், நல்ல காற்று, கறந்த பால், பறித்த கீரை என்று தினமும் சொல்கிறார். எல்லாம் சரியென்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் வாயைத் திறந்து 'சரி, போகலாம்' என்று சொல்ல மட்டும் வரவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை. நான் சுயநலக்காரியா அக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

இல்லை, தங்கச்சி. நீ சுயநலக்காரி இல்லை. உனக்குத் தெரியாத அந்த "ஏன்" எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதைச் சொல்லத்தான் இந்த இதழை வைத்துக்கொண்டேன்.

நாங்கள் கிளம்பிய கதை

நாங்கள் இருந்தது முடிச்சூரில், வாடகை வீடு. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி எங்கள் தெருவுக்குள் வந்தபோது மாடி வீட்டுக்காரர் தயவில் இரண்டு ராத்திரி அங்கே ஒண்டினோம். கீழே இறங்கி வந்து பார்த்தால், என் தையல் மெஷின் சேற்றுக்குள் கிடந்தது. பீரோவில் இருந்த பட்டுப் புடவையைக் கூட நான் பார்க்கவில்லை, மெஷினைத்தான் முதலில் தூக்கினேன். நாலு வருஷம் கழித்து 2019 கோடையில் அதே தெருவில் தண்ணீர் இல்லை. லாரி எப்போது வரும் என்று ராத்திரி ஒரு மணிக்குக் குடத்தோடு உட்கார்ந்திருப்போம். வெள்ளத்தில் மூழ்குவதும் அதே ஊர், தண்ணீருக்குத் தவிப்பதும் அதே ஊர்! அடுத்த வருஷம் கொரோனா. அவர் கணக்கு எழுதிக்கொண்டிருந்த கம்பெனியில் முதலில் பாதிச் சம்பளம், அப்புறம் கால் சம்பளம், கடைசியில் "வேறே இடம் பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

என் மாமனார் வீடு சின்னமனூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சொந்த வீடு, இரண்டு ஏக்கர் தோட்டம். மாமாவுக்கும் அத்தைக்கும் வயசாகிவிட்டது. "எதுக்கு இங்கே கிடந்து அல்லாடணும்? ஊருக்கே போயிடலாம்" என்றார் இவர். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பையன் சென்னையிலேயே ஹாஸ்டலில் சேர்ந்தான். பெண் பத்தாவது பரீட்சை எழுதி முடித்த கையோடு 2022 மே மாதம் சாமான்களை லாரியில் ஏற்றினோம். 2010-இல் நிறுத்தப்பட்ட தேனி ரயில் அகலப் பாதையாகித் திரும்ப வந்ததும் அதே மாதம்தான். "பார்த்தியா, ரயிலே ஊருக்குத் திரும்பிடுச்சு" என்று இவருக்கு ஒரே குஷி.

சொல்லிக்கொள்ளும்படியான சுகங்கள்

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் தண்ணீர் இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் மேற்கே ஓடிக் கடலில் விழுகிற பெரியாற்றை அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பிவிட்டார் பென்னிகுயிக் என்கிற ஆங்கிலேய இஞ்சினியர். 1887-இல் ஆரம்பித்து 1895-இல் முடித்தார்கள். அந்தத் தண்ணீரில்தான் கூடலூரிலிருந்து பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கரில் இரண்டு போகம் நெல் விளைகிறது. மழை கைகொடுத்தால் ஜூன் முதல் தேதியே முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள். அவர் பிறந்த நாள் ஜனவரி 15. லோயர் கேம்ப்பில் 2013-இல் அவருக்கு மணிமண்டபம் திறந்தார்கள். தைப் பொங்கலன்று இங்கே அவர் படத்துக்கும் மாலை போட்டுப் பொங்கல் வைப்பார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்கு விநோதமாக இருந்தது. லாரிக்குக் குடம் தூக்கியவள் அல்லவா, இரண்டாம் வருஷம் நானும் ஒரு கற்பூரம் ஏற்றினேன்.

கீரை, வாழைப்பூ, தேங்காய், கத்திரிக்காய் எல்லாம் கண்ணெதிரே விளைகிறது. திராட்சைக்கு இங்கே காலமே கிடையாது. ஒரு தோட்டத்தில் கவாத்து செய்தால் இன்னொரு தோட்டத்தில் பழம் பறிப்பார்கள். இந்தப் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. காய்கறிச் செலவு பாதியானது, வாடகை அறவே இல்லை. என் பெண்ணுக்கு வருஷா வருஷம் வருகிற மூச்சிரைப்பு இரண்டாம் வருஷம் வரவே இல்லை. இதற்கு மேல் என்ன வேண்டும் என்பீர்கள். நானும் அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் ராத்திரியில் தூக்கம் வரவில்லை.

ஊர் அவருடையது

இவர் வாசல் திண்ணையில் உட்கார்ந்தால் போதும், பத்துப் பேர் வந்து "என்னப்பா, எப்ப வந்தே?" என்பார்கள். கூடப் படித்தவர், பங்காளி, மாமன், மச்சான் என்று ஒவ்வொருவரும் ஒரு உறவு. ஒரே வாரத்தில் இவர் பத்து வயசு குறைந்துபோனார். நானோ, கல்யாணம் ஆகி இருபது வருஷமாகியும் அந்த ஊருக்கு "மெட்ராஸ்காரி". நான் பிறந்தது செங்கல்பட்டுப் பக்கம். என் பேச்சைக் கேட்டு அங்கே சிரிப்பார்கள். "வெஞ்சனம் என்ன வச்சே?" என்று அத்தை கேட்டபோது, தொட்டுக்கொள்கிற காயைத்தான் கேட்கிறார்கள் என்று புரியாமல் நான் விழித்தது ஊர் பூராவும் பரவிவிட்டது. யாரும் கெட்ட மனசோடு சிரிக்கவில்லை. ஆனாலும் தினமும் சிரிப்புக்கு ஆளாவது களைப்பாகத்தான் இருக்கும்.

அவர் வீடு திரும்பினார். நான் வீட்டை விட்டு வந்தேன். ஒரே லாரியில் ஒரே நாளில்தான் வந்தோம், ஆனால் இரண்டு பேரும் செய்த பிரயாணம் வேறே வேறே. சகோதரிகளே, நம் வீடுகளில் "ஊருக்குப் போயிடலாம்" என்று சொன்னால் பெரும்பாலும் அது ஆம்பிளையின் ஊர்தான். கிளம்புமுன் வீடு, தண்ணீர், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் பேசுகிறோம். அங்கே போனபிறகு இவள் யாரோடு பேசுவாள், இவளுக்கு என்ன வேலை, இவள் கையில் என்ன காசு என்று மட்டும் யாரும் பேசுவதில்லை. நாமும் கேட்பதில்லை. கேட்டால் சுயநலம் என்று நமக்கே தோன்றிவிடுகிறது.

முடிச்சூரில் நான் ஜாக்கெட் தைத்துக் கொடுத்து மாதம் எட்டாயிரம், ஒன்பதாயிரம் சம்பாதித்தேன். பணத்தை விட, "அக்கா, பொங்கலுக்குள்ள குடுத்துடுவீங்கல்ல?" என்று வாசலில் வந்து நிற்கிற கூட்டம்தான் எனக்குப் பெரிசு. இங்கே வந்து மெஷினைக் கூடத்தில் போட்டேன். அத்தை பார்த்துவிட்டு, "நம்ம வீட்டு மருமக கூலிக்குத் துணி தைக்கிறதாவது? ஊரு என்ன பேசும்? உள்ளே எடுத்துப் போடு தாயி" என்றார்கள். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. எனக்கு கௌரவம் தருவதாக நினைத்துத்தான் சொன்னார்கள். மெஷின் நெல் மூட்டைக்குப் பின்னால் போயிற்று. இவரிடம் சொன்னேன். "அம்மா அப்படித்தான், கொஞ்ச நாள் போகட்டும்" என்றார். அந்தக் கொஞ்ச நாள் ஒரு வருஷம் ஆயிற்று.

சோற்றை அள்ளிய கை

வந்த வருஷம் ஐப்பசியில் ஒரு ராத்திரி. மாமா சாப்பிட உட்கார்ந்தார். சோற்றை அள்ளிய கை பாதியிலேயே நின்றது. "என்ன மாமா?" என்றேன். பேச்சு குழறியது. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. "வாயுதான், சுக்கு வெந்நீ வை" என்றார்கள் அத்தை. எனக்கு இதே மாதிரிப் பத்திரிகையில் என்றைக்கோ படித்தது ஞாபகம் வந்தது. முகம் கோணுகிறதா, தூக்கிய கை தானாக இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா, இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் பக்கவாதமாக இருக்கலாம், ஒரு நிமிஷம் கூடத் தாமதிக்கக் கூடாது.

ஆனால் நடந்தது என்ன? பக்கத்து ஊரில் தெரிந்த இடம் என்று ஆட்டோவில் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு ஊசி போட்டு, "காலையில பார்க்கலாம்" என்றார்கள். மச்சான்மார், பங்காளிகள் எல்லாரும் தலையாட்டினார்கள். ஆம்பிளைகள் நடுவில் நான் வாய் திறந்ததே அதுவரைக்கும் இல்லை. அன்றைக்குத் திறந்தேன். "காலையில பார்க்க முடியாது. இப்பவே ஸ்கேன் இருக்கிற இடத்துக்குப் போகணும். நான் 108-க்குப் போன் பண்றேன்" என்றேன். தேனியைத் தாண்டிக் கானாவிலக்கில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது நடு ராத்திரி தாண்டிவிட்டது. இன்னும் முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார்கள். உயிர் பிழைத்தார், பேச்சும் வந்தது. வலது கை மட்டும் பழையபடி ஆகவில்லை.

இரத்தக் குழாய் அடைத்து வருகிற பக்கவாதத்துக்கு, ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள் அடைப்பைக் கரைக்கிற ஊசி போட முடியும். எல்லாருக்கும் அது பொருந்தாது. இரத்தக் கசிவால் வந்ததா, அடைப்பால் வந்ததா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகுதான் போடுவார்கள். ஆகவே ஸ்கேன் இல்லாத இடத்தில் செலவழிக்கிற ஒவ்வொரு மணியும் நஷ்டம்தான். கிராமத்தில் வீடு பார்க்கிறவர்கள் கிணற்றைப் பார்க்குமுன் இதைப் பாருங்கள்.

மாமாவின் கைக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். நான் தினமும் சப்பாத்தி மாவைப் பிசைந்து அவர் கையில் ஒரு உருண்டை கொடுப்பேன். பிசைந்து, நீட்டி, உருட்டித் திரும்பத் தருவார். ஆறு மாதத்தில் தானே டம்ளரைப் பிடித்துக் காப்பி குடித்தார். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் "மெட்ராஸ்காரி" என்பதை நிறுத்திவிட்டார்கள்.

நான் திரும்பிப் போக நினைத்தது

இதற்கு நடுவில் இவர் தோட்டத்தில் வாழை போட்டிருந்தார். சேமிப்பில் பெரும் பங்கு அதில் போயிற்று. எங்கள் பள்ளத்தாக்கில் ஆனி, ஆடி என்றால் மலையிடுக்கு வழியாகக் காற்று பேய் மாதிரி வீசும், கூடவே சாரல். பொங்கலுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் வந்துவிட்டு "ஆஹா, என்ன ஊர்!" என்று போகிறவர்களுக்கு இந்தக் காற்றைத் தெரியாது. 2023 ஆனியில் குலை தள்ளிய வாழையில் பாதி ஒரே ராத்திரியில் சாய்ந்தது. சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்ததுதான் நின்றது. கம்புச் செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று பாதிக்குத்தான் கொடுத்திருந்தோம். இருபது வருஷம் அடுத்தவர் கணக்கைப் பைசா தப்பாமல் எழுதியவர், தன் கணக்கில் காற்றை எழுத மறந்துவிட்டார்.

அதற்கு ஒரு மாதம் முன்னால், மே கடைசியில், முடிச்சூரில் பழைய பக்கத்து வீட்டுப் பெண்ணின் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். உங்களிடம் மறைப்பதற்கு என்ன? திரும்பி வருகிற எண்ணம் எனக்கு இல்லை. ஒரு சின்ன வீடு வாடகைக்குக் கூடக் கேட்டுப் பார்த்தேன். பையனையும் பெண்ணையும் வைத்துக்கொண்டு ஜாக்கெட் தைத்துப் பிழைத்துக்கொள்ளலாம், இவர் ஊரிலேயே இருக்கட்டும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அரிக்கொம்பன் யானை கம்பம் ஊருக்குள் வந்துவிட்டது. கேரளத்தில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட யானை, மலை இறங்கி மே 27-ஆம் தேதி கம்பம் தெருவில் ஓடியதை டெலிவிஷனில் காட்டினார்கள். கல்யாண வீட்டில் எல்லாரும் "ஐயோ பாவம், அந்த ஊர்க்காரங்க!" என்றார்கள். நான் என்னையும் அறியாமல் "எங்க ஊருதான்" என்றேன். சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. ஓடிப்போய் வீட்டுக்குப் போன் பண்ணினேன். அத்தைதான் எடுத்தார்கள்.

"யானை கம்பத்துல நிக்கிது, நாங்க இங்கிட்டு இருக்கோம். எங்களுக்கு ஒண்ணுமில்ல. நீ எப்ப வர்றே? மாமாவுக்கு மாவு உருட்டிக் குடுக்க எனக்குத் தெரியல. வீடு வீடாவே இல்ல தாயி" என்றார்கள்.

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் சொன்னேன்: "வர்றேன் அத்தை. ஆனா மெஷினை வெளியே எடுத்துப் போடணும். நான் தைக்கணும்." அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "வந்து சேரு. பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டார்கள். அந்த யானையை ஜூன் 5-ஆம் தேதி பிடித்துக் களக்காடு பக்கம் கொண்டுபோனார்கள். நான் அதற்கு முன்பே வீடு வந்து சேர்ந்துவிட்டேன். மெஷின் தூசி தட்டிக் கூடத்தில் இருந்தது.

சட்டை தைக்கிற அக்கா

மெஷின் வந்துவிட்டது, தைக்கத் துணி வர வேண்டுமே! ஜாக்கெட்டுக்கு ஊரில் பழைய தையல்காரர் இருக்கிறார். ஒரு மாதம் போல ஒருவரும் வரவில்லை. எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவள். விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பே ஜீப் வந்துவிடும், கம்பம்மெட்டு ஏறிப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்புவாள். ஒரு நாள் அவள் வந்து நின்றாள்.

"மதினி, வீட்டுக்காரரு பழைய சட்டையைத்தான் சேலைக்கு மேல போட்டுக்கிட்டுப் போறேன். தோள்பட்டை தொங்குது, கை செடியில மாட்டுது. எனக்குன்னு அளவா, கெட்டித் துணியில ஒண்ணு தச்சுத் தர்றீகளா?"

காட்டன் துணி வாங்கிக் கை நீளமாக, மணிக்கட்டில் பட்டன் வைத்து, கழுத்து மூடினாற்போல், இரண்டு பக்கமும் ஆழமான பை வைத்துத் தைத்தேன். அட்டையும் கொசுவும் உள்ளே போகாது, வெயிலுக்கும் குளிருக்கும் ஆகும். மறுவாரம் அந்த ஜீப்பில் போகிற நாலு பேர் வந்தார்கள். அடுத்தது திராட்சைத் தோட்டத்துக்காரர்கள். 2021-இல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆன பிறகு, சின்னமனூருக்குப் போய்த் துணி எடுத்து வருவதற்கும் எனக்கு யார் கையையும் எதிர்பார்க்க வேண்டியிருக்கவில்லை. மெட்ராஸில் நான் ஒரு நாளும் தைக்காத துணி இது. இந்த மலையும் இந்தத் தோட்டமும் கேட்ட துணி.

ஒரு நாள் தெருவில் இரண்டு சின்னப் பெண்கள் வழி கேட்டார்கள்: "சட்டை தைக்கிற அக்கா வீடு எங்கிட்டு இருக்கு?" அதுவரைக்கும் நான் அந்த ஊரில் இன்னார் மருமகள், இன்னார் சம்சாரம். அன்றைக்குத்தான் நானும் அந்த ஊருக்குக் குடிவந்தேன் என்று தோன்றியது. அன்று சாயங்காலம் அத்தை மாமாவின் பழைய சட்டை ஒன்றைக் கொண்டுவந்து மெஷின் மேல் வைத்தார்கள். "அவுக கைக்குப் பட்டன் மாட்ட வரல. பட்டனுக்குப் பதிலா ஒட்டுற பட்டி வச்சுத் தையேன். கூலி தர மாட்டேன்" என்று சிரித்தார்கள்.

இவரும் தேனியில் ஒரு மண்டியில் கணக்கு எழுதப் போகிறார். தோட்டத்தில் வாழையோடு தென்னையும் வைத்திருக்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் மறுபடி முடிச்சூருக்குள் புகுந்ததை டெலிவிஷனில் பார்த்தபோது, நான் குடியிருந்த தெருவில் படகு போனது. தப்பித்தோம் என்ற நினைப்பும், விட்டுவிட்டு வந்துவிட்டோமே என்ற வருத்தமும் ஒன்றாகத்தான் வந்தது. இரண்டும் எனக்கு இன்னமும் இருக்கிறது.

கிளம்புமுன் செய்ய வேண்டியவை

ஊரப்பாக்கத்துச் சகோதரிக்கும், கடிதம் போட்ட மற்றவர்களுக்கும் என் அனுபவத்தில் தெரிந்தவை:

1. முதலில் இரண்டு மாதம் போய் இருந்து பாருங்கள். திருவிழாச் சமயத்தில் வேண்டாம். காற்றும் சாரலும் அடிக்கிற ஆனி, ஆடியில் போங்கள். ஊரின் சுபாவம் அப்போதுதான் தெரியும்.

2. ஒரு வருஷச் செலவுக்குப் பணம் பாங்கில் இருக்கட்டும். அதில் கை வைத்துப் பயிர் போடக் கூடாது. முதல் வருஷ விவசாய வரவு என்ற இடத்தில் சைபர் போட்டுக் கணக்கு எழுதுங்கள். வந்தால் லாபம்.

3. ராத்திரியில் ஸ்கேன் எடுக்கிற அரசு ஆஸ்பத்திரி எது, எத்தனை நேரப் பிரயாணம் என்று போவதற்கு முன்பே கேட்டு வையுங்கள். 108-க்கு வீட்டை அடையாளம் சொல்ல எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டுவதும், கீறுவதும், உறிஞ்சுவதும் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல், கொலுசு, மெட்டி, வளையலைக் கழற்றிவிட்டு நேராக விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்கு.

4. தோட்டத்துக்கு அடிக்கிற பூச்சி மருந்தைப் பழைய குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. குழந்தைகள் உள்ள வீட்டில் இது எமன். பூட்டிய அலமாரியில், வாங்கிய டப்பாவிலேயே இருக்கட்டும். மருந்து அடித்தவர் துணியைத் தனியாகத் துவையுங்கள். பறித்த பழமென்றாலும் திராட்சையை ஓடுகிற தண்ணீரில் நன்றாக அலசிவிட்டுத்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும்.

5. பிள்ளைகளை ஒன்பதாவதுக்கு முன்னால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் பத்தாவது முடித்த பிறகு. நடுவில் வேண்டாம். இன்னொன்று: அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-இல் வந்தது. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அங்கே படித்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. பதினொன்றாவதில் வந்து சேர்ந்த என் பெண்ணுக்கு அது இல்லை. சின்னப் பிள்ளை உள்ளவர்கள் இதையும் யோசியுங்கள். என் பெண் முதல் நாலு மாதம் என்னோடு பேசவில்லை, சைக்கிள் கிடைத்ததும்தான் பேசினாள்! வயசுப் பெண்ணைக் கேட்காமல் முடிவு பண்ணாதீர்கள்.

6. சொந்த வீடு இருந்தால் முதல் இரண்டு வருஷம் விற்க வேண்டாம், வாடகைக்கு விடுங்கள். திரும்பிப் போக ஒரு கதவு இருக்கிறது என்ற நினைப்பே புது ஊரில் நம்மைத் தைரியமாக இருக்க வைக்கும்.

7. கடைசியாகச் சொன்னாலும் இதுதான் முதல். உங்களுக்கு அங்கே என்ன வேலை, உங்கள் பேரில் எந்தப் பாங்கில் கணக்கு, மாதம் ஒரு முறையாவது பிறந்த வீட்டுக்கும் சிநேகிதிகளிடமும் போய்வர என்ன வழி என்று லாரி சொல்லுமுன் பேசி முடிவு செய்யுங்கள். போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு நான் ஒரு வருஷத்தை நெல் மூட்டைக்குப் பின்னால் போட்டேன்.

ஊரப்பாக்கத்துத் தங்கச்சி, இன்று ராத்திரி அவர் சாப்பிட்டு முடித்த பிறகு, "உங்க ஊருக்குப் போகலாம், சரி. அது என் ஊராவதற்கு என்ன செய்யலாம்னு சொல்லுங்க" என்று கேள். சண்டையாகக் கேட்காதே, கணக்காகக் கேள். அவர் அதற்கு உட்கார்ந்து யோசித்தால், போகலாம். சிரித்து மழுப்பினால் இன்னும் கொஞ்சம் பொறு. அவர் ஊருக்கு நேரே ரயில் இருக்கும்போது எனக்கென்ன வழித்துணை என்று பயப்படாதே. 2023 ஜூனில் போடி வரைக்கும் ரயில் வந்து சென்னைக்கும் வண்டி விட்டாயிற்று. வருகிற வழியும் அதுதான், போகிற வழியும் அதுதான்.

இந்தப் பள்ளத்தாக்கில் யார்தான் வந்தவர்கள் இல்லை? கம்பத்தில் வீட்டுக்குள் கன்னடம் பேசுகிற குடும்பங்கள் எத்தனையோ தலைமுறையாக இருக்கிறார்கள். இங்கே ஓடுகிற தண்ணீரே மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான். அதற்கும் மலையைக் குடைந்து ஒருவர் வழி பண்ணிக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வழியைத்தான் நாமும் கேட்கிறோம்.

ஊறுகாய்ப் பூசணத்தைப் பற்றிக் கேட்ட அந்த இரண்டு பேரை மறக்கவில்லை. காயின் ஈரம் போக உலர்த்துங்கள், உப்பைக் குறைக்காதீர்கள், மேலே ஒரு விரற்கடை நல்லெண்ணெய் நிற்கட்டும், ஈரக் கரண்டி ஆகவே ஆகாது. அடுத்த இதழில் மழைக்காலத்தில் துணி காயவைப்பதைப் பற்றிப் பேசலாம். எங்கள் ஊர்ச் சாரல் எனக்கு அதிலும் நிறையக் கற்றுக் கொடுத்திருக்கிறது.